ஆரத்தி நிறத்தில் இறால்

போன வருஷக் கடைசியில் அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். எண்ணெயைக் குறை, காரத்தைக் குறை என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். தண்டையார்பேட்டையில் பிறந்து காசிமேட்டு மீனைத் தின்றே வளர்ந்த மனிதர். வஞ்சிர வறுவலும் போச்சு, நண்டு மசாலாவும் போச்சு. ஆறு மாதமாக இட்லியும் மோர்ச்சோறும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசம் வந்தால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு 70 நிறைகிறது. வீட்டு ஆட்கள் எட்டுப் பேர். எல்லாரும் பிரியாணி சாப்பிட, அவருக்கு மட்டும் ஓரமாகப் பத்தியச் சாப்பாடு வைப்பதில் எனக்கு மனமில்லை. அவர் சாப்பிடக்கூடியதையே எல்லாரும் சாப்பிடட்டும், ஆனால் பார்க்க விருந்து மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்ல ஓட்டலில் முதலில் கொண்டுவந்து வைப்பார்களே, அந்த மாதிரி சின்னச் சின்னத் தட்டுகளாகக் கடல் சமாசாரம் நாலு. கடைசியில் ஒரு கரண்டி ரசம் சோறு. இதுதான் திட்டம்.

அம்மா ஒரே வரியில் முடித்தார்: "மசாலா போடாம மீனை அவிச்சு வெச்சா கவிச்சி அடிக்கும்டா. வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவாங்க."

அவர் சொன்னதில் பாதி சரி. கடல் மீனின் உடம்பில் வாசமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைன் என்ற வாயுவாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்பது பெரும்பாலும் அதைத்தான். மிளகாயும் மல்லித்தூளும் அதை அமுக்கி மறைக்கத்தான் செய்யும். புளியும் எலுமிச்சையும் அதை உண்மையிலேயே பிடித்துக் கட்டிவிடும். புளிப்போடு சேர்ந்தால் அது ஆவியாகி மூக்குக்கு வருவதில்லை. மீன் குழம்புக்குப் புளி ஏன் என்பதற்கு இதுவே ஒரு நல்ல காரணம். ஆக, மசாலா இல்லாமல் சமைக்க வேண்டுமென்றால் எனக்கு இருந்த வழி மூன்றே: வாங்கும்போதே புதிதாக வாங்குவது, வீடு வரும்வரை ஐஸில் வைப்பது, பரிமாறும்போது ஏதோ ஒரு புளிப்பைச் சேர்ப்பது.

ஒத்திகையை மே கடைசியில் தொடங்கினேன். அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையோரம் போய்வரும் பைபர் படகுகளின் மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறிக் கிடக்கும். ஒத்திகைக்கு எதற்கு அவ்வளவு செலவு என்று ஒரு கடையில் உறைய வைத்த இறால் பாக்கெட் வாங்கினேன். அட்டையில் 500 கிராம். உருகிய பிறகு தராசில் வைத்தால் 385. கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டதும் இன்னும் சுருங்கி, அழிப்பான் துண்டு மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கடை என்பது வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டது நான்தான்.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் பண்ணை இறால் வாங்கினேன், வனாமி, கிலோவுக்கு 40 நிற்கிற அளவு. கடல் இறால்தான் உசத்தி என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். தடைக்காலத்தில் நாள்பட்ட கடல் இறாலைவிட நேற்றுப் பிடித்த பண்ணை இறால் எவ்வளவோ மேல். தலை ஆடாமல் உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். ஓடு வழுவழுவென்று பளபளக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

குடலை எடுக்க முதுகைக் கீறினால் வெந்ததும் இறால் பிளந்து விரியும். குழம்புக்கு அது பரவாயில்லை, தட்டில் ஒவ்வொன்றாக அடுக்கும்போது அசிங்கம். அதனால் பல்குத்தும் குச்சி. இறாலை முதுகு மேலாக வளைத்துப் பிடித்து, தலையிலிருந்து இரண்டாவது மூன்றாவது கணுவுக்கு நடுவில் குச்சியைக் குறுக்கே செருகி மெல்லத் தூக்கினால் கறுப்பு நூல் வளையம் போட்டு மேலே வரும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். இழுத்துக்கொண்டே வாலை லேசாக நிமிர்த்தினால் முழுசாக வந்துவிடும். முதல் பத்து இறாலில் ஏழு அறுந்தது. அரைக் கிலோ முடிவதற்குள் கை பழகிவிட்டது.

ஓடு நீக்கிய அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. பிசறி ஃபிரிட்ஜில் இருபது நிமிடம், அப்புறம் இரண்டு தண்ணீர் விட்டு அலசல். சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு நேர் எதிரான குணம்) இறாலின் புரதத்தைத் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள வைக்கிறது. சைனீஸ் ஓட்டல் இறாலில் கடித்தால் ஒரு மொறுமொறுப்பு தெரியும் இல்லையா, அதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். சோடா கூடிப்போனால் சோப்பு வாடை வரும், அதனால் கண் அளவு கூடாது.

வேக வைப்பதற்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, பத்து மிளகு, எலுமிச்சைத் தோல். ஐந்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்தேன். ஆன்லைனில் வாங்கிய குச்சித் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. அதில் 80 டிகிரிக்கு இறங்கியதும் இறாலைப் போட்டு மூடி மூன்றரை நிமிடம், அப்புறம் நேராக ஐஸ் தண்ணீரில். அடுப்பு எரியாமலே வெந்துவிட்டது என்பதை அம்மா நம்பவில்லை, ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடி மாதிரி தெரியாமல் முத்து நிறத்தில் இருந்தது. வளைவு அரை வட்டத்தோடு நின்றால் பதம், தலையும் வாலும் முட்டி முழு வட்டமானால் வெந்தது அதிகம். நிறமும் ஒரு அடையாளம். இறாலில் சிவப்பு முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரிகிறது. சூடு பட்டுப் புரதம் பிடியை விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது.

இதைக் கொழுந்து வெற்றிலையில் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது. தாய்லாந்தில் காட்டு வெற்றிலை போன்ற ஒரு இலையில் இப்படி ஒருவாய்ப் பண்டம் மடித்துச் சாப்பிடுவார்கள், யோசனை அங்கிருந்து வந்ததுதான். அதன் மேலே கிளிமூக்கு மாங்காயைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, இஞ்சி, சின்ன வெங்காயம், வறுத்த வேர்க்கடலை, ஒரு சிட்டிகை வெல்லம், எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப் பால் எல்லாம் பிசறியது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பையும் சீவிவிட வேண்டும். முற்றிய இலை தொண்டையை அறுக்கும்.

கடம்பாவுக்கு வருவோம். தெற்கே கணவாய் என்பார்கள். எங்கள் வீட்டில் கடம்பா என்றால் தொக்கு, தொக்கு என்றால் முக்கால் மணி நேரம் அடுப்பில். முதல் ஒத்திகையில் நான் நாலு நிமிடம் வேக வைத்தேன். தங்கை ஒரு வளையத்தை வாயில் போட்டு மென்று, மென்று, எடுத்துப் பார்த்து, "அண்ணா, இது குக்கர் கேஸ்கெட்டா?" என்றாள்.

கடம்பாவில் நடுவழி கிடையாது. ஒன்று, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் கரையும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் ரப்பர்தான். அம்மா இத்தனை வருஷமாக இரண்டாவது வழியில் போய்க்கொண்டிருந்ததால் எங்களுக்கு முதல் வழி இருப்பதே தெரியாது.

குழாய் மாதிரியான உடம்பை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து விரித்தால் ஏடு மாதிரி ஆகும். உள்ளே பிளாஸ்டிக் தகடு போல இருக்கும் தண்டை உருவி எடுத்து, மேல்தோலை உரித்துவிட வேண்டும். பிறகு உள்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாகக் கீற வேண்டும், பாதி ஆழம்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் அந்த ஏடு கண் முன்னாலேயே சுருண்டு, கீறல்கள் வெளியே விரிந்து, அன்னாசிப்பழத் தோல் மாதிரி ஆகிறது. வெளிப்பக்கத்தில் கீறினால் இந்த அழகு வராது. நான் முதலில் அப்படித்தான் கீறினேன். நாற்பது நொடி, ஐஸ் தண்ணீர், துணியில் ஒற்றல். மேலே ஒரே ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், இடித்த மிளகு, எலுமிச்சை, வெள்ளரி, மல்லித்தழை. எண்ணெய் அவ்வளவு போதும், அதன் வாசம்தான் வேண்டும்.

மூன்றாவது தட்டு மீன். பெரு நாட்டின் செவிச்சே செய்ய ஆசை. பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் புளிப்பு பட்டு வெந்தது மாதிரி வெளுத்துவிடும். 2023இல் யுனெஸ்கோ கலாசாரப் பட்டியலில் சேர்த்த பண்டம். ஆனால் வெளுத்துவிடுவதும் வெந்துவிடுவதும் ஒன்றல்ல. கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். எலுமிச்சைக்கு அது சாகாது. பச்சையாகச் சாப்பிடப்போகும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. நாளுக்கு முப்பது தடவை திறக்கிற எங்கள் வீட்டு ஃபிரீஸரை நம்பி எழுபது வயது மனிதருக்குப் பச்சை மீன் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொடுவா மீனைச் சின்ன சதுரங்களாக நறுக்கி, வாழையிலையில் மூன்று நிமிடம் ஆவியில் வேக வைத்து ஆறவைத்தேன். பரிமாறும்போது எலுமிச்சை, தேங்காய்ப் பால், பொடியாக நறுக்கிய வெங்காயம். செவிச்சே என்று பேர் சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவே.

என்னைப் படாதபாடு படுத்தியது நாலாவது தட்டு. நண்டுச் சதை போட்ட முட்டைக் கூழ், ஆவியில் வேகவைத்தது. ஜப்பானில் சவான்முஷி என்பார்கள். இனிப்பில்லாத, கரண்டி பட்டால் நடுங்குகிற கஸ்டர்டு. எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம், பல் இல்லாதவர்கூடச் சாப்பிடலாம், இட்லிக் குண்டான் இருந்தால் போதும். அப்பாவுக்காகவே யாரோ கண்டுபிடித்தது மாதிரி இருந்தது.

அளவு சுலபம். ஒரு முட்டைக்கு அதைப் போல மூன்று பங்கு சாறு. நாலு முட்டை சுமார் 200 மில்லி, சாறு 600, மொத்தம் 800. டீக்கடை கிளாஸ் எட்டில் ஆளுக்கு 100 மில்லி. சாறு எங்கிருந்து? இறால் தலையும் ஓடும் இருக்கிறதே. அரை ஸ்பூன் வெண்ணெயில் அவை சிவந்து வாசம் வரும்வரை வறுத்து, 900 மில்லி தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் சிம்மில் வைத்து வடிகட்டினால் 600க்குப் பக்கத்தில் நிற்கும். உப்பு சேர்த்து முழுசாக ஆறவிட வேண்டும். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் அங்கேயே பொரியலாகிவிடும்.

முதல் தடவை இட்லி மாதிரியே வைத்தேன், தண்ணீர் தளதளவென்று கொதிக்க, மூடி இறுக்கமாக, பத்து நிமிடம். திறந்தால் தேன்கூடு. மேலெல்லாம் ஓட்டை, ஓட்டைக்குள் தண்ணீர். இட்லிக்கு எது பலமோ அதுவே இதற்கு வினை. இவ்வளவு சாறு கலந்த முட்டை 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே இறுகிவிடும். நூறு டிகிரி ஆவி அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் கொதித்துக் குமிழ் குமிழாகக் கிளம்பி, இறுகிக்கொண்டிருக்கும் கூழை ஓட்டை போட்டுவிடும்.

இரண்டாவது தடவை சிம்மில் வைத்தேன். ஓட்டை இல்லை, ஆனால் மேலே ஒரு குளம். மூடியில் திரண்ட ஆவி சொட்டிச் சொட்டி இறங்கியிருந்தது. அடியிலும் இறுகவில்லை, நண்டுச் சதையைப் பிழியாமல் போட்டதால் அதன் தண்ணீரும் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது தடவை முட்டையை நுரைக்காமல் கரண்டியால் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்தேன். கிளாஸுக்குள் ஊற்றி, மேலே மிதந்த குமிழ்களைக் குச்சியால் குத்தி உடைத்தேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் அலுமினியத் தாள் மூடி. குண்டான் மூடியை வெள்ளைத் துணியில் கட்டி, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவிக்கு வழி விட்டேன். தெர்மாமீட்டர் உள்ளே 85, 87 என்று ஆடிக்கொண்டிருந்தது. பதினாலு நிமிடம். கிளாஸைத் தட்டினால் நடுப்பகுதி மட்டும் அல்வா மாதிரி ஆடியது. இறக்கிவிட்டேன். கரண்டி போட்டுப் பார்த்தபோது வெட்டிய முகம் வழவழவென்று, ஒரு துளை இல்லாமல். தனியாக நின்று ஒரு கிளாஸ் முழுசும் நானே சாப்பிட்டேன்.

விருந்தன்று காலை மூன்றரைக்குக் காசிமேடு. தடைக்காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை வேறு, கால் வைக்க இடமில்லை. தெர்மாகோல் பெட்டியும் இரண்டு கிலோ ஐஸும் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். வெள்ளை இறால் ஒரு கிலோ, ஒரு கிலோவுக்குச் சற்று மேலே ஒரு கொடுவா, கடம்பா முக்கால் கிலோ. நண்டு மட்டும் பழவேற்காட்டிலிருந்து கொண்டுவருபவரிடம் முதல் நாளே சொல்லி வைத்தது. கயிறு கட்டிய உயிர் நண்டு இரண்டு, சேர்ந்து 1 கிலோ 100. இரண்டும் ஆண். வயிற்று மடிப்பு குறுகலான முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக வளைந்திருந்தால் பெண். கொடுக்குச் சதை வேண்டுமென்றால் ஆண்தான். கையில் தூக்கினால் அளவுக்கு மீறின கனம் தெரிய வேண்டும். கால் பக்கத்து அடி ஓட்டை அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. போனால் புதிதாக ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஃபிரீஸரில் வைத்து மயங்க வைத்தேன். பதினேழு நிமிடம் ஆவியில். ஆறிய பிறகு உட்கார்ந்து சதை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, கிடைத்தது 270 கிராம். ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவி ஓட்டுச் சிம்பு இருக்கிறதா என்று பார்க்காமல் கிளாஸில் போடாதீர்கள்.

இறாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸிலேயே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்தேன். எழுந்து வந்தால் இறால் எல்லாம் உரித்து, குடல் எடுத்து, பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் இருந்தது. அம்மாவின் உபகாரம். "கவிச்சி வரக்கூடாதுன்னு மஞ்சள் போட்டுப் பிசறி வெச்சிட்டேன். தலையைக் கூடத் தூக்கிப் போடலை, நீ கேப்பேன்னு எடுத்து வெச்சிருக்கேன்." என்ன சொல்ல முடியும்? இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மஞ்சளாவது போவதாவது.

சரி, மஞ்சளோடு இருக்கட்டும் என்று வழக்கம்போல உப்பும் ஆப்ப சோடாவும் போட்டுப் பிசறினேன். பிசறப் பிசற இறால் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. ஒரு நொடி பகீரென்றது. பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, ஆரத்தி கரைச்சிருக்கே?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது. சுண்ணாம்பு காரம், சோடாவும் லேசான காரம். அதே வேலைதான் பாத்திரத்துக்குள் நடந்திருக்கிறது. அப்படியானால் புளிப்பு பட்டால் திரும்பி வர வேண்டுமே என்று ஒன்றின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தேன். சிவப்பு சட்டென்று மஞ்சளுக்கு இறங்கியது. தங்கை மகள் இன்னும் நாலைந்து இறாலை வீணாக்கி அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

அலசி, வேக வைத்து, ஐஸில் போட்டபோது நான் கனவு கண்ட வெள்ளையும் இளஞ்சிவப்பும் இல்லை, பொன் நிறமாக இருந்தது. பச்சை வெற்றிலையின் மேல் அதுவும் மோசமில்லை. அழகாக இருந்தது என்று அம்மா இன்றுவரை சொல்கிறார்.

பரிமாறியதில் ஒரு தப்பு. பீங்கான் தட்டுகளை ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று எடுத்தேன், வெளிநாட்டு வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஜூலை மாதத்துச் சென்னையில் வெளியே எடுத்த இரண்டாவது நிமிடம் தட்டெல்லாம் வியர்த்து, கடம்பாவுக்கு அடியில் தண்ணீர் கட்டிவிட்டது. அடுத்த முறை பண்டத்தை மட்டும் குளிர வைத்து, தட்டை அப்படியே விட வேண்டும். வெள்ளரியில் உப்பை முன்கூட்டியே போட்டதும் தப்புதான்.

மாமா கொடுவாயை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தோம். தங்கை கடம்பாவை மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டாள், கேஸ்கெட் பேச்சை எடுக்கவில்லை. நண்டுக் கிளாஸை அப்பா கையில் வாங்கி, ஸ்பூனை உள்ளே விட்டு, "முட்டையா? நண்டு எங்கடா?" என்றார். அடியில் இருக்கிறது, தோண்டுங்கள் என்றேன். தோண்டினார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. கிளாஸின் ஓரத்தைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தன் கிளாஸைப் பாதியோடு அவர் பக்கம் தள்ளினார்.

வெற்றிலை ஒரு கவுளி மீந்துவிட்டது. சாயந்திரம் பார்த்தால் அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து, எங்கிருந்தோ பாக்கும் சுண்ணாம்பும் சம்பாதித்து, ஒவ்வொன்றாக மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதை டாக்டரிடம் கேட்கவில்லையே என்றேன். "அவர் எண்ணெய்தான் வேணாம்னார்" என்றார்.